நீக்கப்பட்ட பிரேரணைக்கு மேன்முறையீடு எழுதுவது எப்படி: நேஷன்ஸ்டேட்ஸ் விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு

சுண்ணாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது என்பதே யாழ்ப்பாணம் முழுவதும் பேச்சாக இருந்த 2015ஆம் ஆண்டில், நிலத்தடி நீரைக் காப்பது பற்றி நேஷன்ஸ்டேட்ஸ் என்னும் இணைய விளையாட்டில் ஒரு பிரேரணை எழுதிச் சமர்ப்பித்தேன். இரண்டு இரவுகள் விழித்திருந்து எழுதியது. மறுநாள் காலையில் பார்த்தபோது அது பட்டியலில் இல்லை, தளத்தின் விதிகளைக் கவனிக்கும் மட்டுறுத்துநர் நீக்கியிருந்தார். வந்த கோபத்தில் உடனே ஒரு நீண்ட முறைப்பாடு எழுதினேன். தண்ணீரின் அருமை உங்களுக்கு எப்படித் தெரியும் என்றுகூட அதில் கேட்டிருந்தேன். பதில் ஒரே வரியில் வந்தது: முன்னுரையில் உண்மை உலகத்து ஊர் ஒன்றின் பெயர் இருக்கின்றது. மீண்டும் வாசித்துப் பார்த்தேன். சுண்ணாகம் என்று நானே எழுதியிருந்தேன்.

அதன் பிறகு என்னுடைய பிரேரணைகளுக்காகவும், விளையாட்டுக்குப் புதிதாக வந்த நண்பர்களுடைய பிரேரணைகளுக்காகவும் பல மேன்முறையீடுகளை எழுதவும் திருத்தவும் நேர்ந்தது. வென்றவையும் உண்டு, எழுதவே கூடாது என்று நான் தடுத்தவையும் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து, பிரேரணை நீக்கப்பட்ட அன்று என்ன செய்வது, எதை எழுதுவது, யாரிடம் அனுப்புவது என்பவற்றை இங்கே முறையாகச் சொல்கின்றேன்.

விளையாட்டில் பிரேரணைக்கு உள்ள இடம்

நேஷன்ஸ்டேட்ஸ் என்பது அவுஸ்திரேலிய எழுத்தாளர் மாக்ஸ் பாரி 2002ஆம் ஆண்டு நவம்பரில், தம் நாவலொன்றை அறிமுகப்படுத்துவதற்காக ஆரம்பித்த இணைய விளையாட்டு. ஒவ்வொருவரும் ஒரு கற்பனை நாட்டை ஆள்வர். விரும்பினால் அந்த நாட்டை வேர்ல்ட் அசெம்பிளி என்னும் உலக மன்றத்தில் சேர்க்கலாம். முதலில் இந்த மன்றத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் பெயரே இருந்தது. அந்தப் பெயரைப் பயன்படுத்த வேண்டாம் என்று உண்மையான ஐக்கிய நாடுகள் சபையிடமிருந்து கடிதம் வந்ததால் 2008இல் பெயர் மாற்றப்பட்டது. 2009இல், நாடுகளையும் பிராந்தியங்களையும் பாராட்டவும் கண்டிக்கவும் செய்யும் பாதுகாப்புச் சபை உருவானபோது, பழைய மன்றத்தின் வேலைகள் பொதுச்சபை என்ற பிரிவுக்குச் சென்றன.

பிரேரணை சமர்ப்பிக்க, நீங்கள் மன்றத்தின் உறுப்பினராக இருப்பதோடு, உங்கள் பிராந்தியத்தை, அதாவது நீங்கள் சேர்ந்திருக்கும் நாடுகளின் குழுவைச் சேர்ந்த வேறு இரண்டு உறுப்பு நாடுகளேனும் உங்களுக்கு ஆதரவு அளித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிராந்தியத்திலும் மிகுந்த ஆதரவு பெற்ற உறுப்பு நாடே அதன் பிரதிநிதி. சமர்ப்பித்த பின்னர், பிராந்தியப் பிரதிநிதிகளில் 6 சதவீதமானோர் ஒப்புதல் அளித்தால் மாத்திரமே பிரேரணை வாக்கெடுப்புக்கான வரிசையில் சேரும். வாக்கெடுப்பு நான்கு நாட்கள் நடக்கும்; வென்றால் பிரேரணை தீர்மானமாகும். இவற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: பிரேரணை நீக்கப்படும்போது அதுவரை நீங்கள் ஒவ்வொரு பிரதிநிதியிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த ஒப்புதல்களும் போய்விடும், மறுபடி சமர்ப்பித்தால் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்தே ஆரம்பமாகும். மேன்முறையீடு செய்வதா, திருத்திச் சமர்ப்பிப்பதா என்ற கேள்வியின் கனம் இதில்தான் இருக்கின்றது.

நீக்கம் வேறு, தோல்வி வேறு

ஊரிலுள்ள சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசிகசாலைக்கு இன்னொரு பத்திரிகை வாங்க வேண்டும் என்று ஒருவர் பிரேரணை கொண்டுவருகின்றார். கூட்டம் அதை விரும்பாமல் தோற்கடிக்கலாம். அதற்கு எதிராக முறையிட வழியில்லை. ஆனால் யாப்புப்படி இதை எடுக்க முடியாது என்று செயலாளர் நிகழ்ச்சி நிரலிலிருந்தே எடுத்துவிட்டால், யாப்பின் எந்தப் பிரிவு தடுக்கின்றது என்று கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. அப்போது பத்திரிகை நல்லதா கெட்டதா என்பது பேச்சே அல்ல.

மட்டுறுத்துநரின் நீக்கமும் அந்தச் செயலாளரின் வேலையைப் போன்றதே. எனக்குக் காட்டப்படும் மேன்முறையீட்டு வரைவுகளில் பெரும்பாலானவை, தம் பிரேரணை உலகத்துக்கு எவ்வளவு தேவையானது என்று விளக்குவதிலேயே முடிந்துவிடுகின்றன. அதை வாசிப்பவருக்கு அந்த விளக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. அவர் தீர்மானிக்க வேண்டியது, விதியின் சொற்களும் உங்கள் பிரேரணையின் சொற்களும் மோதுகின்றனவா என்பதை மட்டுமே.

முதலில் செய்ய வேண்டியவை

நீக்கப்பட்ட செய்தி கண்ட அன்று எதையும் அனுப்ப வேண்டாம். அன்று செய்ய வேண்டியது ஆவணங்களைச் சேர்ப்பது மட்டுமே: வந்த அறிவித்தலின் ஸ்கிரீன்ஷொட், அதில் கண்ட திகதியும் நேரமும், சமர்ப்பித்த பிரேரணையின் முழு வாசகம், சமர்ப்பிக்கும்போது தெரிந்தெடுத்த வகையும் (எந்தத் துறை) வலிமையும் (எவ்வளவு கடுமையானது), அதுவரை கிடைத்திருந்த ஒப்புதல்களின் எண்ணிக்கை. வாசகத்தை நேரடியாக விளையாட்டின் பெட்டிக்குள் தட்டச்சுச் செய்து சமர்ப்பித்தவர்கள் இங்கேதான் தவிப்பார்கள். நீக்கப்பட்டதும் அவர்கள் கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே எப்போதும் கூகுள் டொக்ஸ் போன்ற ஒன்றில் எழுதி, அங்கிருந்து பிரதி செய்து இடுங்கள். அதில் பழைய வரைவுகளும் நேர வரிசையில் தங்கியிருக்கும். பிறருடைய வாசகத்தைக் களவாடியதாகக் குற்றச்சாட்டு வந்தால், உங்களைக் காப்பாற்றக்கூடியது அந்த வரைவு வரிசை ஒன்றே.

அடுத்தது, யார் நீக்கினார் என்பதைக் கண்டுகொள்வது. 2016இலிருந்து பொதுச்சபைப் பிரேரணைகள் விதிக்கு உட்பட்டவையா என்பதை, விளையாடுவோரிலிருந்தே தெரிவான செயலகம் ஒன்று தீர்மானிக்கின்றது. அதன் உறுப்பினர்கள் ஒவ்வொரு பிரேரணையையும் விதிக்கு உட்பட்டது அல்லது உட்படாதது என்று குறிப்பர். களவாடிய எழுத்து, வேண்டுமென்றே செய்யும் கேலி, அருவருப்பான உள்ளடக்கம் போன்றவற்றைத் தளத்தின் மட்டுறுத்துநர்கள் நீக்குவர். பாதுகாப்புச் சபைப் பிரேரணைகளும் மட்டுறுத்துநர்களின் பொறுப்பிலேயே உள்ளன. செயலகம் விதிமீறல் என்று குறித்ததற்கு மட்டுறுத்துநரிடம் முறையிடுவது, காணிக் கச்சேரியில் முடிக்க வேண்டிய அலுவலுக்கு வைத்தியசாலையில் இலக்கம் எடுத்து நிற்பதைப் போன்றது.

எந்த விதி?

இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். அறிவித்தலில் விதியின் பெயர் இருந்தால் அந்த விதியை முழுமையாக, சொல் சொல்லாக வாசியுங்கள். காரணம் சொல்லப்படாதிருந்தால், எந்த விதியின் கீழ் நீக்கப்பட்டது என்று மாத்திரம் கேட்டு ஒரு சிறிய வினா அனுப்புங்கள். அதையே மேன்முறையீடாக ஆக்கிவிட வேண்டாம்.

புதியவர்கள் பொதுச்சபையில் அகப்படும் விதிகள் ஒரு சிலவே. உண்மை உலகத்தின் நாடுகள், ஊர்கள், மனிதர்களைக் குறிப்பிடக்கூடாது என்பது ஒன்று. நான் அகப்பட்டதும் அதில்தான். நம்மவர்களுக்கு இது பெரிய பொறி. முன்னுரையில் ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்லித் தொடங்குவது நமக்குப் பள்ளிக்கூட விவாத மேடைகளிலிருந்து வந்த பழக்கம். ஏற்கனவே நடைமுறையில் இருக்கும் தீர்மானத்துக்கு முரணாகவோ அதைத் திரும்பச் சொல்வதாகவோ பிரேரணை அமையக்கூடாது என்பது இன்னொன்று. நடைமுறையில் உள்ள தீர்மானத்தைத் திருத்தவும் முடியாது. அதை முதலில் இரத்துச் செய்யும் பிரேரணை கொண்டுவந்து, பின்னர்தான் புதியதை முன்வைக்கலாம். இரத்துச் செய்யும் அந்தப் பிரேரணைக்குள் புதிய சட்டம் எதையும் நுழைக்கக்கூடாது. பழைய தீர்மானம் சொல்லாத ஒன்றை அது சொன்னதாகக் காட்டவும் கூடாது. விளையாட்டின் இயக்கத்தையே மாற்றக் கேட்பது, இன்னொரு தீர்மானத்தைத் தூணாக வைத்து அதன்மேல் பிரேரணையைக் கட்டுவது, செய்யுமாறு எதையும் சொல்லாமல் விருப்பங்களை மட்டும் அடுக்குவது, ஒரு முழு அரசியல் கொள்கையையே தடைசெய்வது ஆகியனவும் விதிமீறல்களே. பிரேரணையின் உள்ளடக்கம் தெரிந்தெடுத்த வகைக்கும் வலிமைக்கும் பொருந்தாவிட்டாலும் அது செல்லாது.

இந்த விதிகளை ஒருவகையில் இரண்டாகப் பிரிக்கலாம். உண்மை உலகப் பெயர் இருக்கின்றதா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை; கண்ணால் பார்த்துச் சொல்லலாம். வகை பொருந்துகின்றதா, ஒரே விடயத்தை இரண்டாம் முறை சொல்கின்றதா, முரண்படுகின்றதா என்பவை வாசிப்பைப் பொறுத்தவை. மேன்முறையீடு வெல்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான்.

எழுதுவதா, திருத்துவதா

சமர்ப்பித்த பிரேரணையை இடையில் திருத்த முடியாது. ஆகவே குற்றம் ஒரு சொல்லிலோ ஒரு வரியிலோ இருந்து, அதை எடுத்துவிட்டால் பிரேரணையின் உயிர் போகாது என்றால், மேன்முறையீட்டை மறந்துவிட்டுத் திருத்தி மறுபடி சமர்ப்பியுங்கள். வேலி ஒரு முழம் தள்ளியதற்காகப் பதினைந்து வருடம் வழக்காடிய குடும்பங்களை யாழ்ப்பாணத்தில் யாருக்குத்தான் தெரியாது? அந்தக் குணம் நமக்குள் எங்கோ இருக்கின்றது. நான் என்னையும் சேர்த்தே சொல்கின்றேன். திருத்தினால் ஒரு நாளில் முடியும் வேலையை, நியாயம் என் பக்கம் என்று காட்டுவதற்காக இரண்டு வாரம் இழுத்திருக்கின்றேன்.

மேன்முறையீடு செய்ய வேண்டியது மூன்று சந்தர்ப்பங்களிலே. நீக்கத்துக்குக் காரணமாகச் சொன்ன விதி உங்கள் வாசகத்துக்கு உண்மையாகவே பொருந்தாதபோது. நீக்கத்துக்குக் காரணமான பகுதியை எடுத்தால் பிரேரணையே இல்லாமல் போகும்போது. மூன்றாவது, உங்கள் பெயருக்கே கேடு வரும்போது. களவாடிய எழுத்து என்று நீக்கப்பட்டிருந்தால், பிரேரணை உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் மேன்முறையீடு செய்யுங்கள். அந்தக் குற்றம் மன்றத்திலிருந்தே வெளியேற்றப்படும் அளவுக்குப் பாரதூரமானது. அதேவேளை, உண்மையான சர்வதேச உடன்படிக்கை ஒன்றின் வாசகத்தைச் சிறிது மாற்றி எழுதியிருந்தால், அதுவும் பிறர் எழுத்தே என்பதை உங்களுக்குள் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு மேன்முறையீடு செய்து வெல்ல முடியாது.

மேன்முறையீட்டை எழுதுதல்

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நிலத்தடி நீரைப் பாதுகாக்கும் பிரேரணை ஒன்றை எழுதுகின்றீர்கள். நாடுகளுக்கிடையே ஓடும் ஆறுகள் பற்றிய தீர்மானம் ஒன்று ஏற்கனவே நடைமுறையில் இருக்கின்றது என்றும், உங்கள் பிரேரணை அதைத் திரும்பச் சொல்கின்றது என்றும் நீக்கிவிடுகின்றார்கள். வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாமல், சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரையே குடித்து வாழும் குடாநாட்டு மனிதருக்கு, ஆற்று நீரும் நிலத்தடி நீரும் ஒன்றென்று சொல்வது அபத்தமாகத் தோன்றும். மழை காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைப் பற்றி எழுதவும் கை துடிக்கும். எழுதாதீர்கள். மேன்முறையீட்டில் உண்மை உலகப் பெயர்களைச் சொல்வதற்குத் தடை இல்லை என்றாலும், அது வாசிப்பவரின் கண்ணை வாசகத்திலிருந்து விலக்கிவிடும். இரண்டு வாசகங்களின் பிரிவு எண்களையும் அருகருகே வைப்பதே போதும். அமைப்பு இப்படி இருக்கலாம்:

"நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு என்ற தலைப்பில் நான் சமர்ப்பித்த பிரேரணை இன்ன திகதியில் நீக்கப்பட்டது. நடைமுறையிலுள்ள ஆறுகள் பற்றிய தீர்மானத்தை அது திரும்பச் சொல்வதாகக் காரணம் கூறப்பட்டது. அந்தத் தீர்மானத்தின் முதலாம் பிரிவு, மேற்பரப்பில் ஓடும் நீரை மட்டுமே வரையறுக்கின்றது. எனது பிரேரணையின் இரண்டாம், நான்காம் பிரிவுகள் நிலத்துக்குக் கீழுள்ள நீரைப் பற்றி மட்டுமே கட்டளையிடுகின்றன. மூன்றாம் பிரிவில் இரண்டும் ஓரளவு தொட்டுக்கொள்கின்றன என்பதை ஏற்றுக்கொள்கின்றேன். ஆயினும் அது பிரேரணையின் சிறு பகுதியே. நீக்கத்தை மீளாய்வு செய்யுமாறும், இயலுமாயின் முதல் முடிவில் பங்கெடுக்காத ஒருவர் பார்க்குமாறும் கேட்டுக்கொள்கின்றேன். நீக்கம் சரியெனத் தீர்மானித்தால், எந்தப் பிரிவை எடுத்துவிட வேண்டும் எனத் தெரிவியுங்கள். பிரேரணையின் முழு வாசகத்தைக் கீழே இணைத்துள்ளேன்."

இதில் கவனிக்க வேண்டியது, மூன்றாம் பிரிவைப் பற்றிய அந்த ஒப்புதல். உங்களுக்கு எதிரான ஒன்றை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், வாசிப்பவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மிகுதியை நம்பி வாசிப்பார். கடைசிக் கேள்வியும் வீணானது அல்ல. தோற்றாலும் அடுத்த வரைவுக்கான திருத்தம் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

அனுப்புவது ஆங்கிலத்தில் என்பதால் மொழிநடை பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் தமிழில் எழுதி, ஒவ்வொரு வசனத்தையும் சிறிதாக்கி, பின்னர் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால், பிரிவு எண்களும் விதியின் பெயரும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விதியின் பெயரைத் தமிழாக்கி, அதை மறுபடி ஆங்கிலமாக்கினால் வேறொரு விதியின் பெயர் போலாகிவிடும். அரச அலுவலகத்துக்கு எழுதும் பழக்கத்தில் பணிவன்புடன், தயவுகூர்ந்து என்று ஒவ்வொரு வரியிலும் சேர்ப்பவர்களும் உண்டு. ஒரு தடவை நன்றி சொன்னால் போதும்.

அனுப்புதலும் காத்திருத்தலும்

மட்டுறுத்துநருக்கான கோரிக்கையை விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் உதவிக் கோரிக்கைப் பக்கத்தின் வழியாக, பிரேரணை எழுதிய அதே நாட்டிலிருந்து அனுப்ப வேண்டும். ஒரு முறை மட்டும் அனுப்புங்கள். அதே விடயத்தை மூன்று தடவை அனுப்பினால் அது மூன்று வெவ்வேறு கோரிக்கைகளாக வரிசையில் நின்று, முதலாவதற்கான பதிலையும் தாமதப்படுத்தும். மட்டுறுத்துநர்கள் சம்பளம் பெறாத தன்னார்வலர்கள். நமக்கு நண்பகலாக இருக்கும்போது அவர்களில் பலருக்கு நடுச்சாமமாக இருக்கலாம். சில நாட்கள் பொறுத்து, எதுவும் வராவிட்டால் முன்னைய கோரிக்கையின் திகதியைக் குறிப்பிட்டு ஒரு வரியில் நினைவூட்டலாம்.

நம்மூரில் பெட்டிசம் போடுதல் என்று ஒரு கலை உண்டு. பெயர் போடாமல், நாலு பேரைக்கொண்டு, மேலிடம் எல்லாவற்றுக்கும் பிரதி வைத்து எழுதுவது. மேன்முறையீடு அதற்கு நேர்மாறானது. நண்பர்களைக்கொண்டு ஆதரவுக் கோரிக்கைகள் அனுப்ப வைப்பதோ, விளையாட்டின் உரிமையாளருக்கே நேராக எழுதுவதோ, நீக்கிய மட்டுறுத்துநரின் நாட்டுக்குத் தனிப்பட்ட தந்திகள் (விளையாட்டுக்குள் அனுப்பும் செய்திகள்) அனுப்பித் தொந்தரவு செய்வதோ உங்கள் வழக்கைப் பலப்படுத்தாது. கடைசியில் சொன்னது தனியான விதிமீறலாகவும் எடுத்துக்கொள்ளப்படலாம். முடிவு வரும் முன்னர் அதே வாசகத்தை மாற்றமின்றி மறுபடி சமர்ப்பிப்பதும் அவ்வாறே.

வீட்டு இணைப்புப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒருவர் ஒரு நாட்டை மட்டுமே உலக மன்றத்தில் வைத்திருக்கலாம். அண்ணனும் தங்கையும் ஒரே வைஃபையில், அல்லது ரியூசன் நிலையத்து மாணவர்கள் நால்வர் ஒரே இணைப்பில், ஆளுக்கொரு நாட்டை மன்றத்தில் வைத்து ஒருவருக்கொருவர் ஆதரவு அளித்திருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒருவரே நான்கு முகமூடி போட்டதாகத் தெரியும். பிரேரணைக்குத் தேவையான அந்த இரண்டு ஆதரவுகளும் அப்படி வந்தவையாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். இதை மேன்முறையீட்டின் நடுவில் விளக்க முயலாமல், முன்கூட்டியே தனிக் கோரிக்கையில் தெரிவித்து வைப்பது நல்லது.

சட்டத்தின் துணையை நாடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு டிஜிட்டல் சேவைகள் சட்டம், உள்ளடக்கத்தை நீக்கும் தளங்கள் காரணம் சொல்ல வேண்டும் என்றும், ஆறு மாதங்களுக்குக் குறையாமல் முறையிட வழி வைக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. ஆனால் முறையீட்டு வழி பற்றிய அந்தக் கடப்பாட்டிலிருந்து சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. அந்தச் சட்டம் காப்பதும் ஒன்றியத்துக்குள் இருக்கும் பயனாளர்களையே. பாரிஸில் இருக்கும் சித்தப்பா மகனின் பெயரில் முறையிடலாம் என்ற யோசனை வேண்டாம்.

பதில் வந்த பிறகு

உங்கள் பக்கம் முடிவு வந்தாலும், பழைய ஒப்புதல்கள் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடாதீர்கள். மறுபடி சமர்ப்பிக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே, முன்பு ஒப்புதல் அளித்த பிரதிநிதிகளின் பெயர்களை எடுத்து வையுங்கள். முடிவு எதிராக வந்தால், காரணம் புதிதாக இருந்தாலொழிய இரண்டாம் மேன்முறையீடு எழுத வேண்டாம். பதிலில் சுட்டிக்காட்டிய பிரிவைத் திருத்தி, சமர்ப்பிக்கும் முன்னர் விதிகளில் பழகிய ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

விளையாட்டின் பிரதான நாளாந்தப் புதுப்பிப்பு அமெரிக்கக் கிழக்குக் கரையின் நள்ளிரவில் தொடங்குகின்றது. நமக்கு அது கோடை காலத்தில் ஏறத்தாழக் காலை 9.30, அவர்களின் குளிர்காலத்தில் 10.30. புதுப்பிப்பு முடிந்த கையோடு சமர்ப்பித்தால், ஒப்புதல் சேர்க்க அந்த நாள் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும். சுண்ணாகம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, எங்கும் நடக்கக்கூடியதாக முன்னுரையை எழுதி, நானும் அப்படியொரு காலையில்தான் மறுபடி சமர்ப்பித்தேன். இம்முறை எவரும் நீக்கவில்லை. 6 சதவீதத்தை அது எட்டவில்லை என்பது வேறு விடயம்.